வெள்ளித் துகளும் அப்பாவின் கால்விரலும்

12.06.2024, புதன்

இன்று குடுவை நிறம் மாறியது. வாழைப்பொத்தியை, பூவும் மடலுமாக, அவித்து வடித்த சாற்றில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டுச் சூடாக்கினால், வெளிறிய தண்ணீர் மெல்ல மெல்லப் பிளேன்ரீ நிறத்துக்கு வரும். வந்தால் வெள்ளி நனோ துகள் பிறந்துவிட்டது. வராவிட்டால் பொத்தி வீண், வெள்ளி வீண், நான் வீண். மூன்று வருடமாக நான் செய்யும் முதுநிலை ஆய்வின் சாரம் இதுதான்: தேத்தண்ணி மாதிரி ஒன்றைப் போடுவது, அதைக் குடிக்காமல் இருப்பது, பற்றீரியாவுக்குக் கொடுத்துவிட்டு அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பது.

மற்றச் செய்தி: பேப்பரில் வந்துவிட்டேன். "வாழைப்பொத்தியில் வெள்ளி மருந்து! ஆறாத புண்ணையும் ஆற்றும்! நீர்வேலி மாணவி தர்சினி சாதனை!" நான் அந்த நிருபரிடம் சொன்னது, "ஆய்வுகூடத்தில், பிளாஸ்டிக் தட்டில், ஆரம்ப நிலையில், இன்னும் மனிதரில் பரிசோதிக்கவில்லை" என்று. அதுக்கெல்லாம் இடமில்லையாக்கும். ஆச்சரியக்குறிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது. படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

14.06.2024

கடையில் இருந்த பேப்பர் முழுவதையும் அப்பா வாங்கிவிட்டார். ஒன்றை லமினேற் பண்ணி, விறாந்தையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவியிருக்கிறார். முருகன் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார், நான் மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"பொத்தி எங்கடை தோட்டத்துது" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்கிறார். அதாவது கண்டுபிடித்தது வாழை, வளர்த்தது அப்பா மார்க்கண்டு. நான் இடையில் பொத்தியைக் காவிக்கொண்டு போன பிள்ளை.

முன்வீட்டு மாமி வந்து கேட்டா, "கிருமியைக் கொல்ல எத்தினை மருந்து கடையிலை கிடக்கு, பேந்தேன் பிள்ளை வெள்ளி?" நல்ல கேள்வி. மினக்கெட்டு விளங்கப்படுத்தினேன். தனியாக அலைகிற பற்றீரியாவை எதுவும் கொல்லும். அது ஓரிடத்தில் குடியேறினால்தான் வில்லங்கம். எங்கடை சனம் மாதிரி, காணி வாங்கினவுடனே முதல் வேலை மதில் கட்டுவது. தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலத்தைக் கட்டிப்போட்டு, உள்ளே பேரன் பீட்டன் என்று பெருகும். மருந்து வந்து படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வெள்ளித் துகள் மிகச் சின்னது. மதில் வெடிப்புக்குள்ளால் போய்விடும்.

"அப்ப கள்ளன் மாதிரி" என்றா மாமி.

ஓம். இதைவிட நல்ல விளக்கம் என்னுடைய ஆய்வேட்டில் இல்லை.

23.06.2024, ஞாயிறு

ஊர்க்கோயில் தேர். அப்பாவுக்கு வருடக்கணக்காகச் சீனி வருத்தம், நீரிழிவு. உள்ளங்காலில் உணர்வு இல்லை. போன வருடம் செருப்புக்குள் ஒரு ஆணியோடு தோட்டம் முழுக்க நடந்துவிட்டு வந்தவர். மத்தியான வெயிலில் தார் றோட்டில் வெறுங்காலோடு வடம் பிடிக்க வேண்டாம் என்று காலையிலிருந்து சொன்னேன்.

"அம்பாளுக்கு முன்னாலை செருப்போடை நிக்கச் சொல்லுறியோ?"

"நிழலிலை நில்லுங்கோ எண்டு சொல்லுறன்."

பிடித்தார். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் கால் சுடுது சுடுது எண்டு துள்ளுறாங்கள். எனக்குச் சுடவேயில்லை. அவளின்ரை அருள்."

"அருள் இல்லையப்பா, நரம்பு செத்துப்போச்சு" என்றேன். கோயில் நாளில் கதைக்கிற கதையா என்று அம்மா பேசினா. சரி.

24.06.2024

காலில் ஒன்றுமில்லையாம். ஆனி வெயிலில், வாழைக்குத் தண்ணி கட்டப் போகிற மனுசன் சொக்ஸ் போட்டிருக்கிறார். காலநிலை மாற்றமாக்கும்.

06.07.2024, சனி

ஆய்வுகூடத்தில் நான் வளர்க்கிற பற்றீரியாக்களில் ஒன்றுக்கு ஒரு மணம் இருக்கிறது. பழுத்த திராட்சை மாதிரி, இனிப்பாக. முதலில் வருகிற மாணவர்கள் "வடிவான மணம்" என்பார்கள். ஆறாத புண்ணில் மதில் கட்டுவதில் அதுதான் கெட்டிக்காரன்.

இன்று சனிக்கிழமை. ஆய்வுகூடம் போகவில்லை. அம்மா புட்டு வைத்தா. அப்பா கதிரையில் இருந்து ரீவி பார்த்தார். எங்கடை விறாந்தையில் திராட்சை மணம் வந்தது.

"சொக்ஸைக் கழட்டுங்கோ."

"ஏன் இப்ப?"

"கழட்டுங்கோ அப்பா!"

கடவுளே. பெருவிரலும் அடுத்ததும். கொப்புளம் உடைஞ்சு, அடி கறுத்து, சீழ். ரெண்டு கிழமை! ரெண்டு கிழமையா இந்த மனுசன் இதோடை நடந்து திரிஞ்சிருக்கு. நான் ஸ்கூட்டி ஓடிப் போய் ஆரோ முகந்தெரியாத ஆக்களின்ரை புண்ணிலை இருந்து எடுத்த கிருமியோடை மல்லுக்கட்டிக் கொண்டு இருந்திருக்கிறன். என்ரை அப்பான்ரை கால் என்ரை மூக்குக்குக் கீழை அழுகியிருக்கு. படிப்பாம், படிப்பு. கண்டறியாத படிப்பு.

09.07.2024

ஆஸ்பத்திரி. எக்ஸ்றே எடுத்தார்கள். கிருமி எலும்புக்குப் போய்விட்டது. சேர்ஜன் நேரடியாகச் சொன்னார்: இரண்டு விரலையும் இந்தக் கிழமை எடுத்தால் கால் மிஞ்சும். விட்டால் மேலே ஏறும், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்.

அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், யாவாரி வாழைக்குலைக்கு விலை குறைத்துக் கேட்டால் சிரிக்கிற சிரிப்பு.

"டொக்டர், நீங்கள் பேப்பர் பாக்கிறேல்லையோ? ஆறாத புண்ணுக்கு என்ரை மகள் மருந்து கண்டுபிடிச்சிருக்கிறாள். வெட்டுறதுக்கு என்ன அவசரம்?"

சேர்ஜன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நல்ல சுத்தமான நிலம்.

என் ஆய்வுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் புண்ணிலிருந்து மாதிரி எடுப்பது. அப்பா தன்னுடையதையும் எடுக்கச் சொல்லிப் பெருமையோடு கையெழுத்து வைத்தார். அறுவைச் சிகிச்சைக்கு வைக்கவில்லை.

11.07.2024

துன்பம் தனியாக வராது, கனடாவிலிருந்து வருகிற ஆட்களோடு சேர்ந்து வரும். ரொறொன்ரோவில் இருக்கும் செல்வத்துரை மாமா, அம்மாவின் அண்ணை, யாரோ வந்தவரிடம் ஒரு போத்தல் கொடுத்துவிட்டிருக்கிறார். வெள்ளித் தண்ணீராம். அங்கை கடையில் விற்கிறதாம். வாட்ஸப்பில் குரல் பதிவும் இருக்கிறது: "மச்சான், பிள்ளையின்ரை மருந்து வருமட்டும் உதைப் பாவியுங்கோ. பூசவும் ஏலும், குடிக்கவும் ஏலும்."

நான் வீட்டுக்கு வரும்போது அப்பா ஒரு கோப்பை குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதைத் தொடர்ந்து குடிச்சால் தோல் நீலமாப் போகும் அப்பா."

"சிவபெருமானும் நீலம்தான்."

"அவருக்குக் கழுத்து மட்டும்."

போத்தலில் மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றினேன். அண்ணை அனுப்பினதை ஊற்றிப்போட்டாய் என்று அம்மா ஏசினா. இரவு அப்பாவுக்குக் காய்ச்சல் காய்ந்தது.

13.07.2024

சிவப்பு கணுக்காலுக்கு வந்துவிட்டது. வார்டில் படுக்கவைத்து ஊசி ஏற்றுகிறார்கள். மதிலுக்கு வெளியே நிற்கிற கிருமிகளுக்கு மட்டும் அது போதும்.

15.07.2024

இன்று நல்ல ஒரு தந்திரத்தோடு வார்டுக்குப் போனேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

"அப்பா, வாடல் வந்த வாழையை என்ன செய்வியள்?"

"அடியோடை கிண்டி எரிப்பன்."

"ஏன்?"

"பக்கத்து வாழைக்குத் தொத்தாமல்."

"அப்ப பாருங்கோ, அதே மாதிரித்தான் இந்த ரெண்டு விரலும் —"

"நீ என்னை வாழை எண்டே நினைச்சாய்? வாழைக்குப் பக்கக்குட்டி வெடிக்கும். எனக்கு விரல் வெடிக்குமோ?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தே விட்டார். அப்பாவுக்கும் புழுகம், என்னை வென்ற சந்தோசம்.

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "பிள்ளை, உன்ரை மருந்தைப் போடு. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன். பிழைச்சால் எனக்குத்தானே."

இவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என்னிலை இவ்வளவு நம்பிக்கை வைச்சிருக்கிற ஒரே மனுசன் அந்த நம்பிக்கையாலையே சாகப்போறார். சைக்கிள் விடுகிற இடத்தில் நின்று அழுதேன். காவலாளி வந்து, இங்கே நிற்கக் கூடாது என்றார்.

17.07.2024

அப்பாவின் மாதிரியை இன்று தட்டில் போட்டிருக்கிறேன். முறை எப்போதும் ஒன்றுதான். மேல் வரிசைக் குழிகளில் பற்றீரியா மட்டும், மருந்து இல்லை. கீழ் வரிசையில் பற்றீரியாவும் என்னுடைய வெள்ளியும். படலம் கட்ட விட்டு, கழுவி, ஊதாச் சாயம் போட்டு, திரும்பவும் கழுவ வேண்டும். படலம் இருந்தால் ஊதா நிற்கும். அழிந்திருந்தால் வெளுக்கும்.

மூன்று வருடமாக ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் "வெளுக்க வேணும், வெளுக்க வேணும்" என்று கும்பிடுகிறவள் நான். இன்று முதன்முதலாக என் பரிசோதனை தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன். தோற்றால் அப்பாவிடம் போய்ச் சொல்லலாம், வேலை செய்யேல்லை, வெட்ட விடுங்கோ என்று. மூன்று வருடத்தில் எத்தனையோ தட்டுகள் கேளாமலே தோற்றிருக்கின்றன. இதுக்கென்ன.

18.07.2024, வியாழன்

வெளுத்துவிட்டது.

கீழ் வரிசை கழுவின கோப்பை மாதிரிக் கிடக்கிறது. மேல் வரிசை கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது. இவ்வளவு வடிவான முடிவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கூட வேலை செய்கிற டினேஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு அடிச்சுது லொத்தர்" என்றான்.

ஓம். லொத்தர். இந்த வெள்ளிக்கு வேறை நாள் கிடைக்கேல்லை.

சிசிலியா மேடம் என்னுடைய மேற்பார்வையாளர். அவவிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். சந்தோசத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "மேடம், தட்டிலை வேலை செய்தால் காலிலையும் வேலை செய்யுமே?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பதில்தான், இருந்தாலும் வேறு யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"தட்டிலை எலும்பில்லை, தர்சினி" என்றா. "இரத்தம் இல்லை, சீனியில்லை. தட்டு ஒருநாளும் தேருக்குப் போகாது."

19.07.2024, வெள்ளி

சேர்ஜன் காலையில் சொன்னது: நாளைக்குச் செய்யாவிட்டால் விரல் கதை முடிந்தது, பிறகு காலைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

நேற்றைய முடிவை அப்பாவிடம் அப்படியே சொன்னால் என்ன நடக்கும்? "பாத்தியே! கொண்டுவா உன்ரை மருந்தை!" எலும்பு, இரத்தம், சீனி என்று நான் கத்தலாம். தட்டிலை வேலை செய்தால் காலிலை ஏன் செய்யாது என்று கேட்பார். மருந்துக்கு மருந்துதானே என்பார். அம்மாவும் அவர் பக்கம். உண்மை முழுக்க என் பக்கம் இருந்தது. ஒரு சதத்துக்கும் உதவாது.

தட்டின் படத்தைப் போனில் எடுத்தேன். கீழ் வரிசையை வெட்டிவிட்டேன். சேர்ஜனுக்கு முதல் நான் வெட்டினேன்.

வார்டில் படத்தைக் காட்டினேன். மேல் வரிசை மட்டும். ஊதா, ஊதா, ஊதா.

"இது உங்கடை புண்ணிலை இருந்து எடுத்த கிருமி அப்பா. இது என்ரை மருந்து போட்ட பிறகு. பாருங்கோ, ஊதா அப்பிடியே நிக்குது. ஒண்டும் சாகேல்லை."

நிறைய நேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"ஒண்டுமே சாகேல்லையோ?"

"இல்லை."

"எங்கடை பொத்தியிலை செய்ததே?"

"ஓம் அப்பா. எங்கடை பொத்தியிலை செய்ததுதான்."

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத ஏலாது. விரலைப் பற்றிச் சொன்னபோதுகூட இப்படி வாடவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உதை ஆரிட்டையும் காட்டாதை பிள்ளை. பேப்பர்க்காரர் அறிஞ்சால் நாறடிச்சுப் போடுவாங்கள்." கையை விட்டுவிட்டு, "டொக்டரை வரச் சொல்லு."

ஆராய்ச்சி ஒழுக்கம் பற்றிப் போன வருடம் ஒரு செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். தரவைத் திரிக்கக் கூடாது, படத்தை வெட்டக் கூடாது. பரீட்சையில் எனக்கு அதிசிறப்புச் சித்தி.

20.07.2024

இரண்டு விரல். எலும்பு கரைந்து போயிருந்ததாம். கால் மிஞ்சியது.

28.07.2024

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். விறாந்தைச் சுவரில் முருகன் தனியாக நிற்கிறார். லமினேற் பண்ணின என் சாதனையைக் காணவில்லை. வந்த கையோடு, நடக்கவும் ஏலாத மனுசன் அம்மாவைக் கொண்டு கழற்றுவித்திருக்கிறார். ஆணி மட்டும் நிற்கிறது.

அம்மா மெல்லமாகச் சொன்னா: "உனக்கு மனம் நோகுமாம்."

15.08.2024

கால் பார்க்க வருகிற சனத்துக்கு அப்பா படலையிலேயே எச்சரிக்கை கொடுக்கிறார். நான் குசினியில் நிற்கிறேன், எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

"பிள்ளையிட்டை மருந்தைப் பற்றி ஒண்டும் கேக்காதையுங்கோ. பாவம். சரிவரேல்லை."

விரல் போனவர் அவர். துக்கம் விசாரிக்கப்படுகிறவள் நான். முன்வீட்டு மாமி என் தலையைத் தடவி, "கள்ளன் பிடிபட்டிட்டான் போலை" என்றா. ஓம் மாமி. கிட்டத்தட்ட.

08.09.2024

புண் நன்றாகக் காய்கிறது. இன்று தடியை ஊன்றிக்கொண்டு, காலுக்குப் பெரிய சப்பாத்தோடு, தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். கையில் ஒரு வாழைப்பொத்தியோடு திரும்பி வந்தார்.

"இவ்வளவு நாளும் நீ கொண்டு போனது இதரை வாழைப் பொத்தி. இது கதலி. நான் படுத்துக் கிடந்து யோசிச்சனான். இதரை சரிவராட்டில் கதலியைப் போட்டுப் பார். மனம் விடாதை."

வாங்கினேன். வேறென்ன செய்ய? என்ரை மருந்து சரிவந்தது அப்பா எண்டு சொல்லவா? சொன்னால், அப்ப ஏன் என்ரை விரலை வெட்டுவிச்சனி எண்டு கேப்பார். எலும்பைப் பற்றித் திரும்ப முதலிலை இருந்து தொடங்க வேணும். இல்லை, அது சாட்டு. பயம்தான். படுத்த படுக்கையாக் கிடந்த மனுசனை ஏமாத்தினவள் எண்டு தெரிஞ்சிடும் எண்டு பயம்.

கதலிப் பொத்தியை அவித்தேன். அதிலும் பிளேன்ரீ நிறம் வந்தது.

22.10.2024

பீடத்து ஆய்வு மாநாட்டில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நான் வைக்கும் சுவரொட்டியின் முதல் படம் அந்தத் தட்டு. இம்முறை இரண்டு வரிசையும் இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. தோற்றுப்போனவளாக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வென்றவர்களுக்குத்தான் தெரியும்.

17.11.2024, ஞாயிறு

மழை. சிசிலியா மேடம் உடுவில் தேவாலயத்தில் ஆராதனை முடித்துக்கொண்டு, கேக்கும் கையுமாக, அப்பாவின் காலைப் பார்க்க வந்துவிட்டா. சொல்லாமல். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். விறாந்தையில் அவவின் குரல் கேட்டது.

"ஐயாவுக்கு நாங்கள் பெரிய நன்றி சொல்ல வேணும். எல்லா மாதிரியிலும் உங்கடையிலைதான் மருந்து வடிவா வேலை செய்தது. மாநாட்டிலை எல்லாரும் அதைத்தான் கேட்டவை. இஞ்சை பாருங்கோ, போனிலை படம் கிடக்கு. மேல் வரிசை மருந்து போடாதது. கீழ் வரிசை மருந்து போட்டது. எப்பிடி வெளுத்திருக்கு பாத்தியளே!"

கொதித்த தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்தது.

பிறகு அப்பாவின் குரல்.

"ஓம். தெரியும். பிள்ளை காட்டினவள்."

தேத்தண்ணித் தட்டத்தை எடுத்துக்கொண்டு எப்படிப் போனேனோ தெரியாது. அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடத்தின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் சாப்பிட்டார். மழையைப் பற்றியும் வாழைக்கு வெள்ளம் நிற்பதைப் பற்றியும் கதைத்தார்கள்.

மேடம் போன பிறகு நான் கோப்பைகளை எடுக்கப் போனேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று ஒவ்வொரு கோப்பையாக எடுத்தேன்.

"உன்ரை மேடம் நல்ல மனுசி" என்றார். "பொய் சொல்லத் தெரியாது."

அவ்வளவுதான். காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா, வெங்காயம் உரித்தா என்று சாட்டுச் சொல்லவும் ஏலாது.

18.11.2024

காலையில் ஆய்வுகூடம் போக வெளிக்கிட்டு விறாந்தைக்கு வந்தேன். முருகனுக்குப் பக்கத்தில், அதே பழைய ஆணியில், கண்ணை மூடிக்கொண்டு நான் தொங்குகிறேன். லமினேற் துடைத்து மினுங்கியது.

அம்மாவும் அப்போதுதான் கண்டா. "இஞ்சேருங்கோ, ஏன் உதைத் திருப்பிக் கொழுவினியள்? மருந்துதான் சரிவரேல்லையே."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பிள்ளை கெட்டிக்காரி எண்டுதானே போட்டிருக்கு. அதிலை ஒரு பிழையும் இல்லை."

வாசலில் என் ஸ்கூட்டியில் ஒரு பை கொழுவியிருந்தது. உள்ளே இதரைப் பொத்தி.